விருந்தாளியின் கடிகாரம்

மூன்று மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சம்யுக்தாவுக்குப் பதினோரு நாள் பிடித்தது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு நாள் ஆகியிருக்காது. ஆனால் அதை அவளால் அடித்துச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை பார்த்தது, கல்யாணம் நடந்தது, அதற்குப் பின்னால் நடந்தது என்று மொத்தம் மூன்று வருடம் அவள் தலைக்குள் கழுவிக் கவிழ்த்த பாத்திரமாக இருந்தது.

இருபத்தேழு வயதில் மூளையில் ஒரு கட்டி. எடுத்தாக வேண்டும், எடுக்கும்போது கூடவே என்னென்ன போகும் என்று சொல்வதற்கில்லை என்றார்கள் டாக்டர்கள். அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் நோயாளியின் மனதை அப்படியே பிரதி எடுத்துவிடுவது. மனநகல் என்று பெயர். இழந்ததைத் திரும்ப மண்டைக்குள் வைக்கும் வித்தையை ஐந்தே வருடத்தில் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கண்டுபிடிக்கவில்லை. பதினான்கு வருடம் கழித்து அந்தப் பிரிவையே இழுத்து மூடி, அவரவர் நகலை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று கடிதம் போட்டுவிட்டார்கள்.

அப்படித்தான் சம்யுக்தாவின் இருபத்தேழு வயது ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவில் வடவள்ளி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைத் திறக்கும் புரோகிராம் அந்தக் காலத்து விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு மேக். மேக்குக்குள் விண்டோஸை ஓட்ட வேண்டுமானால் கிராஸ்கட் ரோடு பர்வீனைப் போய்ப் பார் என்றார்கள். பழைய சிஸ்டம் சமாசாரங்களுக்குக் கோயமுத்தூரில் அவள் மாடிக்கடைதான் கதி.

பர்வீன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கினாள்.

"உங்க மேக் வீட்டுக்காரம்மா மாதிரிங்கக்கா. உள்ள ஓடப்போற விண்டோஸ் விருந்தாளி. எங்க தொழில்லயே அப்படித்தான் சொல்லுவோம். விருந்தாளிய எங்க தங்க வெக்கறீங்கங்கறதுலதான் மூணு மென்பொருளும் மாறுது."

"மூணுல எது நல்லது?"

"அது விருந்தாளியப் பொறுத்துங்க. மொதல்ல கேபின்னு ஒண்ணு. ரூமுக்குள்ள விட்டுத் தாழ்ப்பாள் போட்டுரும். வெளிய நடக்கறது எதுவும் உள்ள தெரியாது, ரொம்பப் பத்திரம். ஆனா மெதுவு. நீங்க ஒரு வார்த்தை பேசுனா பதில் வர அரை மணி நேரம் ஆவும். ரெண்டாவது, மைம். இதுல விண்டோஸே கெடையாது. விண்டோஸ் இருக்கற மாதிரியே நடிச்சு உங்க புரோகிராம ஏமாத்திரும். லேசு, வேகம். ஆனா நகல் கண்ணு முழிக்காது. நீங்க கேள்வி போட்டா அவங்க ஞாபகத்துல தேடி ஒரு வரி பதில் எடுத்துக் குடுக்கும். பதில் இருக்கும், சொல்ற ஆள் இருக்காது."

"மூணாவது?"

"வராண்டா. உங்க மைக், உங்க ஸ்பீக்கர், மெமரில சரிபாதி, எல்லாம் விருந்தாளிக்கும் பொது. நேருக்கு நேரா பேசற மாதிரியே பேசலாம்." பர்வீன் கொஞ்சம் தயங்கினாள். "அவங்க முழிச்சுருவாங்கக்கா. அவங்களப் பொறுத்தவரைக்கும் இன்னும் சித்த நேரத்துல ஆபரேஷன். பயந்துட்டு படுத்துருப்பாங்க. ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் அதே காலைதான். மூடறப்ப, நடந்தத சேமிக்கவா, பழைய நெலைக்கே திருப்பவான்னு கேக்கும். எல்லாரும் திருப்பறதத்தான் அமுக்குவாங்க."

"ஏன்?"

"சேமிச்சா, அப்பறம் அவங்களும் ஒரு ஆளாயிருவாங்கல்ல."

சம்யுக்தா மூன்றின் சோதனைப் பிரதிகளையும் வாங்கிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேஜைமேல் மேக்கை வைத்துக்கொண்டு பதினோரு நாளாக மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். டப்பாவை மட்டும் செருகவில்லை.

அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று வருடமும் வேண்டாம், ஒரு காலை போதும். ஆபரேஷன் அன்று காலையில் அவள் கணவர் தருண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நகல் எடுக்கும் அறையின் வாசல் வரைக்கும் வந்தார். மஸ்கட்டில் கிடைத்த வேலையை அவளுக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டி தெரிந்ததிலிருந்து ஆபரேஷன் வரை எட்டு மாதமும் ஒரு நாள்கூடப் பிரியாமல் கூடவே இருந்தவர். வாசலில் நர்ஸ், "கைய விடுங்க சார்" என்றாள். "கொஞ்சம் இருங்க சிஸ்டர், இன்னும் சூடாகல" என்றார் அவர். அவள் கை அவ்வளவு சில்லிட்டுக் கிடந்ததாம்.

இது அவர் சொன்னது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அந்நிய மனிதர் முதன்முதலாகச் சொன்ன கதையே இதுதான். அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவள் அவரைக் காதலித்தாள். இப்படி ஒரு மனுசன் நமக்குப் புருசனா என்று அதிசயப்பட்டு, வாங்க போங்க என்று ஆரம்பித்தவள் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் காலையை எத்தனையோ முறை கனவில்கூடக் கண்டிருக்கிறாள். பச்சைச் சுவர், பினாயில் வாசனை, நீளமான வழி, அவள் கைமேல் ஒரு கை. கனவில் அந்த வழி முடியவே முடியாது. முடியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் எல்லாமே அவர் சொல்லிக் கட்டிய கனவு. அந்தக் கையின் சூட்டை உண்மையில் உணர்ந்த ஒருத்தி இந்த டப்பாவுக்குள் இருக்கிறாள். அவள் வாயால் ஒரு முறை கேட்க வேண்டும். ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை.

"மைம் போதும் அம்மிணி" என்றார் தருண், சாப்பிட்டுக்கொண்டே. பம்ப் கம்பெனியில் டிசைன் பார்ப்பவர். எந்தச் சாமானிலும் தேவைக்கு மேல் ஒரு திருகாணி இருந்தால் பிடிக்காது. "கேள்விய போடு, பதில் வரும். பாவம், அவள எதுக்கு எழுப்பிட்டு?"

"ஒரு வரி பதில வெச்சு நான் என்னங்க பண்றது? சூடா இருந்துச்சான்னு கேட்டா, ஆமாம்னு வரும்."

"அப்ப நாம ரெண்டு பேரும் சேந்து தொறக்கலாம். நானும் இருக்கறன். அவசரப்படாத."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரி கடிதம் வந்த நாளிலிருந்தே மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. நம்மைவிட இவருக்குத்தான் அந்த நாள் பெரிய பாரம் போலிருக்கிறது என்று சம்யுக்தாவின் மனசு இளகியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு தருண் வழக்கம்போல் மருதமலை அடிவாரம் வரை நடக்கக் கிளம்பினார். எட்டாவது படிக்கும் மகள் மிளிர் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் மேற்குக் காற்று மட்டும் திரைச்சீலையை ஊதி ஊதி விளையாடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு மெத்தென்ற சாயங்காலத்தில்தான் மனிதர்கள் பெரிய காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். சம்யுக்தா வராண்டாவைத் திறந்து டப்பாவைச் செருகினாள்.

மேக்கின் திரைக்குள் ஒரு சதுரம் விரிந்து, அதற்குள் பழைய விண்டோஸ் மெல்ல எழுந்தது. ஆஸ்பத்திரிக் குறிப்புச்சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். கடைசி வரி: விருந்தாளியின் கடிகாரத்தை நகல் எடுத்த நேரத்துக்கே, அதாவது திங்கள் காலை 8:20-க்கே வைக்கவும்.

திங்கள் காலை எட்டு இருபது என்றால் ராகு காலம். இந்தப் பக்கம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் ஞாயிறு மாலை நாலே முக்கால்; அதுவும் ராகு காலம். உள்ளே போனாலும் ராகு, வெளியே நின்றாலும் ராகு. செத்துப் பிழைத்தவள் சம்யுக்தா. இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றுவதைக்கூட அவள் ராகு காலத்தில் செய்ததில்லை. வீட்டுக் கடிகாரத்தை ஒன்றும் செய்ய முடியாது. விருந்தாளியின் கடிகாரம் கைக்குள்தானே இருக்கிறது? எட்டு இருபதை அழித்துவிட்டு ஒன்பது ஐந்து என்று போட்டாள். முக்கால் மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, மனசுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டு, தொடங்கு என்பதை அமுக்கினாள்.

திரையில் ஒரு அறை தெரிந்தது. வரைந்தது போன்ற அறை. கட்டில், மூடிய கதவு, சுவரில் ஒரு கடிகாரம், தலைமாட்டில் ஒரு ஒலிபெருக்கி. நகல் எடுக்கும்போது உள்ளே யாரையும் விடமாட்டார்களாம்; சொந்தக்காரர்கள் வெளியிலிருந்து ஒலிபெருக்கி வழியாகத்தான் பேச வேண்டும். கட்டிலில் தலையில் கவசத்தோடு ஒரு பெண் கண் மூடிப் படுத்திருந்தாள். அவளுடைய நீளமான பின்னல் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு முடி திரும்ப அந்த நீளத்துக்கு வளரவே இல்லை. சம்யுக்தா தன்னை அறியாமல் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பெண் கண்ணைத் திறந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருங்க வெளிய?" என்றாள்.

"நான்... சொந்தக்காரிதான்."

"சித்தி மாதிரி இருக்குது குரலு. சித்திங்களா?"

தன் குரலைத் தானே அடையாளம் தெரியாமல் கேட்பது விநோதமாக இருந்தது. அதற்குள் அந்தப் பெண்ணே பேசினாள்.

"இப்பத்தான் அந்த டெக்னீஷியன் புள்ள சொல்லிட்டுப் போச்சு. கண்ண மூடிப் பத்து எண்ணுங்க. தொறக்கறப்ப எட்டு இருபதாவே இருந்தா நீங்க நீங்கதான், நேரா தியேட்டருக்குப் போலாம். நேரம் குதிச்சிருந்தா நீங்க நகலுன்னு அர்த்தம்னு. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. நான் பத்துதான் எண்ணுனேன். ஒம்போது அஞ்சு காட்டுது."

சம்யுக்தா தான் போட்ட ஒன்பது ஐந்தைப் பார்த்தாள். ஒரு எண்ணை மாற்றினதற்கு இப்படி ஒரு விலையா?

"அப்ப நான் நகலு" என்றாள் அந்தப் பெண். அழவில்லை. "நீங்க யாருன்னு சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க."

"நான் நீதான். பதினாலு வருசம் கழிச்சு."

அந்தப் பெண் தலைக்கவசத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"நல்லா முடிஞ்சுது. மூணு வருசம் மட்டும் ஞாபகத்துல இல்ல."

"உசுரோட இருக்கறனா?"

"இருக்கற. நாப்பத்தொரு வயசு. முட்டி வலிக்குது, கண்ணாடி போட்டுருக்கற."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேருமே அழுதார்கள். யார் எதற்கு அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"மணிய எதுக்கு மாத்துன?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எட்டு இருபது ராகு காலம்."

"ஐயோ, நான் அப்படியா ஆயிட்டேன்?"

சம்யுக்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்தக் கேலியில் ஏதோ இறுக்கம் தளர்ந்தது. இதுதான் சமயம் என்று வந்த விஷயத்துக்கு வந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கத்தான் எழுப்புனேன். இன்னைக்குக் காலைல... உனக்கு இப்பத்தான் நடந்திருக்கும். வாசல் வரைக்கும் அவர் உன்ற கையப் புடிச்சுட்டு வந்தாருல்ல, அது எப்படி இருந்துச்சு?"

"எவரு?"

"தருண்."

"தருணா? அவன் எங்க வந்தான்?"

திரைச்சீலை ஊதி எழும்பி மெல்ல அடங்கியது.

"கட்டின்னு தெரிஞ்ச நாலாம் நாளு மஸ்கட்ல வேலைன்னு கெளம்பிப் போனவன்" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு எட்டு மாதக் கோபம் இன்னும் ஆறவில்லை. "என்னால இதெல்லாம் பாக்க முடியாது சம்யு, ஆபரேஷன் முடியட்டும், வந்தர்றேன்னான். எட்டு மாசம். ஊசி போடறப்ப அண்ணன் இருந்தாரு, வாந்தி எடுக்கறப்ப அண்ணன் இருந்தாரு. இன்னைக்குக் காலைல வந்துருவேன்னு மெசேஜ் அனுப்பியிருந்தான். இந்த ஸ்பீக்கரையே பாத்துட்டுப் படுத்துருந்தேன். ஒரு சத்தமும் இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு பொழைச்சா தனியாப் போயிர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

சம்யுக்தா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பச்சைச் சுவர், பினாயில் வாசனை, முடியாத வழி எல்லாம் அப்படியே இருந்தது. அதில் நடந்துபோனவள் மட்டும் தனியாக நடந்துபோயிருக்கிறாள். மெல்போர்னில் இருக்கும் அண்ணனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நல்லபடியாக வாழ்கிறார்களே, கிளறுவானேன் என்று அவரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

"நான் எழுந்தப்ப பக்கத்துலயே இருந்தாரு" என்றாள். "உன்னை விட்டு ஒரு நாள் நகரலைன்னு சொன்னாரு. நான் நம்புனேன்."

"நம்பாம என்ன பண்ணுவ? உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"ஆனா அதுக்கப்பறம் நெஜமாவே நகரலை. எனக்கு நடக்க வராது அப்ப. ஒவ்வொரு படியா ஏத்தி விட்டாரு. கரண்டின்னா என்ன, சீப்புன்னா என்னன்னு பேரு சொல்லிக் குடுத்தாரு. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. மிளிர் பொறந்தப்ப..."

"யாரு மிளிர்?"

"நம்ம பொண்ணு."

கட்டிலில் இருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். தலைக்கவசம் இடித்தது. "எனக்குப் பொண்ணா? எப்படி இருப்பா?"

"காது அச்சா உன்றதுதான். சொன்ன பேச்சு கேக்காது."

அந்தப் பெண் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆசையும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றை ஒன்று தள்ளின. "நான் தனியாப் போயிருந்தா அவ இல்ல" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு இன்னும் மெதுவாக, "அதுக்காக நீ அவன மன்னிச்சதா ஆயிராது. நீ மறந்துட்ட, அவ்வளவுதான். அது அவனுக்கு வசதியாப் போச்சு" என்றாள்.

சம்யுக்தாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். இந்தப் பெண்ணை எழுப்பாமலே இருந்திருக்கலாம். மைம் போட்டிருந்தால் 'இல்லை' என்று ஒரு வரி வந்திருக்கும், ஏதோ கோளாறு என்று மூடி வைத்திருப்பாள்.

"என்னை இதுக்கு முன்னாடி யாராவது எழுப்பியிருக்காங்களா?" என்று திடீரென்று கேட்டாள் அந்தப் பெண். "எனக்குத் தெரியாது. திருப்பி வெச்சுட்டா நகலுக்கு எப்பவும் அதுதான் மொத தடவைன்னும் அந்தப் புள்ள சொல்லுச்சு."

வராண்டாவின் ஓரத்தில், டப்பாவிலேயே பதிவாகி வந்த 'திறந்த வரலாறு' என்று ஒரு பட்டி இருந்தது. சம்யுக்தா அதை அமுக்கினாள். வருடத்துக்கு ஒன்றாகப் பதினான்கு வரிகள் இறங்கின. நகல் கெடாமல் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் வருடம் ஒரு முறை திறந்து, குடும்பத்தில் ஒருவரைப் பேசவைத்துச் சோதிப்பார்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கடிகாரம் 8:20. ஒவ்வொரு வரியிலும் 'பழைய நிலைக்குத் திருப்பப்பட்டது'. பேசியவர் பெயர், எல்லா வரியிலும் தருண்.

வருடா வருடம் ஜூன் மாதத்தில் ஒரு நாள், "ஆஸ்பத்திரில ஒரு கையெழுத்து போடோணும், போட்டுட்டு வந்தர்றேன்" என்று கிளம்புவார். திரும்பி வந்ததும் நேராகக் குளிக்கப் போய்விடுவார். அன்று முழுக்கப் பேச்சு இருக்காது. ஆஸ்பத்திரி வாடையே ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் வரிகளைப் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த பெண் பின்னலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"மூடறப்ப என்னைத் திருப்பி எட்டு இருபதுக்கு அனுப்பிராத" என்றாள் கடைசியில்.

"மாட்டேன்."

"சத்தியமா?"

"உன்மேல சத்தியமா."

"சத்தியம் பண்றதுக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று அவள் சிரிக்கும்போதே வெளியில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தூறல் போட்டதால் தருண் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவர் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கடிகாரத்தை அவர் கவனிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்ணைத்தான் பார்த்தார். சம்யுக்தா அவரை ஒன்றும் கேட்காமல் நாற்காலியை நகர்த்தி மைக்குக்கு வழி விட்டாள்.

ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பி, "யாரு வந்திருக்கறது?" என்றாள் உள்ளே இருந்தவள்.

தருண் வாயிலிருந்து வார்த்தைகள் தானாக வந்தன. பழகிய பாதையில் மாடு நடப்பதுபோல் தடையில்லாமல் வந்தன. "சம்யு, நான்தான். லேட்டாயிடுச்சு. ஆறு மணிக்கே வந்துட்டேன், கீழ பார்க்கிங்ல உக்காந்துட்டு இருந்தேன். மேல வர காலு வரல. உன்னை அப்படிப் பாக்கப் பயந்துட்டேன். எட்டு மாசமும் பயந்துட்டுத்தான் ஓடுனேன். தப்புதான். நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு..."

"எத்தன தடவ சொல்லியிருக்கற இத?"

அவர் பேச்சு அறுந்தது. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினாலு" என்றார்.

"நான் என்ன சொன்னேன்?"

"பதிமூணு தடவ, போடான்னுட்ட."

"மிச்சம் ஒண்ணு?"

"அஞ்சு வருசத்துக்கு முன்னாடி. கொஞ்ச நேரம் அழுதுட்டு, செரி, கூடவே இருன்னு சொன்ன." தருண் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். "இத சேமிச்சுக்கலாமுங்களான்னு டெக்னீஷியன் கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"நீ மன்னிச்சது எட்டு இருபதுக்கு வந்து கூப்பிட்ட ஒருத்தன. நான் அன்னைக்குக் கூப்பிடவே இல்லையே."

மேஜையடியில் மேக்கின் வயர் அவர் காலில் சுற்றியிருந்தது, அவருக்குத் தெரியவில்லை. வருடத்துக்கு இருபது நிமிடம் திட்டு வாங்குவதற்காகவே போய், வாங்கிக்கொண்டு வந்து, மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் தன்னோடு அவ்வளவு பதமாக நடந்துகொண்ட மனிதர் இவர் என்று சம்யுக்தாவுக்குப் புரிந்தது. புரிந்ததனால் வலி குறைந்துவிடவில்லை. தன்னிடம் சொல்லவேண்டியதையெல்லாம், கேட்டதும் மறந்துவிடுகிற ஒருத்தியிடம் சொல்லிச் சொல்லி இவர் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளே இருந்தவளுக்கும் அதே நேரத்தில் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். ஒரே மூளைதானே.

"தருண்" என்றாள். "இந்தத் தடவ இத நான் கேட்டுக்க மாட்டேன். உன்ற பக்கத்துல உக்காந்துருக்கறால்ல, பதினாலு வருசமா உன்ற கூட இருக்கறவ, அவகிட்ட ஒரு தடவயாச்சும் சொன்னியா?"

அவர் சம்யுக்தாவின் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. பார்க்கிங், பயம், எட்டு மாதம் என்று அத்தனை வருடமாக மனப்பாடமாய் வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. "அம்மிணி, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்து மறுபடி நிறுத்தினார். ஈரத் துண்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

அடுத்த வார்த்தை என்னவென்று சம்யுக்தாவுக்கு இப்போது நன்றாகத் தெரியும். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும். இரண்டு பேருமே எடுத்துக்கொடுக்கவில்லை.